கிழட்டு மாடு எழுந்து நிற்க வேண்டும்

வங்கியில் இருந்த காலத்தில் எத்தனையோ பேருக்கு உழவு மாட்டுக் கடன் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மாட்டைப் பார்வையிடப் போவேன். காதில் இன்சூரன்ஸ் தோடு இருக்கிறதா, நிறம் பதிவேட்டில் இருக்கிறபடி இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன். ஒரு நாளும் மாட்டின் வாயைத் திறந்து பார்த்ததில்லை, குளம்பைத் தூக்கிப் பார்த்ததில்லை. தவணை முடிந்தால் மாட்டின் கதையும் முடிந்தது என்பதுதான் எங்கள் கணக்கு.

ஓய்வு பெற்றதும் படவேட்டில், செண்பகத்தோப்பு அணைக்குக் கீழே நெல்லும் வாழையுமாக விவசாயத்தில் இறங்கினேன். ஒரு ஜோடி மாடு வாங்கினேன், ஒன்று மயிலை, ஒன்று செவலை. இரண்டுமே கடை சேர்ந்து நாளான மாடுகள். எட்டு வயசு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இன்று மயிலைக்குப் பதினாறு, பதினேழு இருக்கும். செவலை இல்லை. அது போனதற்கு நான்தான் காரணம்.

முதல் வருடம் மாட்டுப் பொங்கல். ஆசையாக ஒரு அண்டாப் பொங்கல் வைத்து இரண்டுக்கும் ஊட்டினோம். வந்தவர் போனவரெல்லாம் பழமும் வெல்லமும் கொடுத்தார்கள். செவலை முந்திக்கொண்டு அதிகமாகத் தின்றுவிட்டது. மறுநாள் அசை போடவில்லை, சாணம் தண்ணீராகப் போனது. மூன்றாம் நாள் முன்னங்கால்களைத் தரையில் வைக்க முடியாமல் மாற்றி மாற்றி வைத்தது. கால் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். கால்நடை மருத்துவர் வந்து பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

மாட்டின் முதல் வயிறு புல்லையும் வைக்கோலையும் மெதுவாகப் புளிக்க வைக்கிற தொட்டி. அதில் சோறும் மாவும் ஒரேயடியாக விழுந்தால் புளிப்பு எகிறிவிடும். அந்த நஞ்சு ரத்தத்தில் ஏறி, குளம்புக்கும் உள்ளெலும்புக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய சதையை வீங்க வைத்துவிடும். குளம்பு கெட்டியான கொம்பு மாதிரி, வெளியே விரியாது. உள்ளே வீங்கினால் வலி எங்கே போகும்? "குதிரைக்குத் தானியம் அதிகமானாலும் இதே நோய்தான் சார், நிறைய நல்ல குதிரைகள் இதிலேதான் நொண்டியாகிப் போகுது" என்றார் மருத்துவர். தீபத்துக்குத் திருவண்ணாமலையில் கூடுகிற சந்தையில் குதிரைக்காரர்கள் எதற்காகக் காலைக் காலைத் தடவிப் பார்க்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. செவலை ஒன்றரை வருடம் நொண்டியது. அப்புறம் படுத்தது, எழவில்லை.

அதனால் பொங்கலன்று மாட்டுக்கு ஒரு கைப்பிடி பொங்கல் போதும், சாமிக்குப் படைக்கிற மாதிரி. அதற்கு முன்னால் வயிறு நிறைய வைக்கோல் போட்டுவிடுங்கள். தவறிப்போய் அதிகம் தின்றுவிட்டால், அசை நிற்கிற வரைக்கும் காத்திருக்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். தலையை அண்ணாந்து பிடித்து எதையும் ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குப் போய்விடும்.

மயிலையிடம் நான் கற்றது மிச்சக் கதை. "இன்னா சார், கெழட்டு மாட்ட வெச்சினு இன்னா பண்ணப் போறீங்க?" என்று புரோக்கர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள்.

முதலில் பல். மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது, கீழே எட்டுதான். இரண்டு வயசு வாக்கில் முதல் ஜோடி, நாலு, ஐந்து வயசுக்குள் கடை. அதோடு நம் பார்வையும் நின்றுவிடுகிறது. ஆனால் மாடு உயிர் வாழ்வது உள்ளே இருக்கிற கடைவாய்ப் பல்லால். வருடக்கணக்காக வைக்கோலை அரைத்து அது தேய்ந்துபோகும். பல் போகிற மாட்டுக்கு அடையாளம் சொல்கிறேன்: தின்னும்போது பாதி மென்ற புல் உருண்டையாகக் கீழே விழும். சாணத்தைக் கிளறினால் நீள நீளமான நார் இருக்கும். தீனி போட்டும் இடுப்பெலும்பு தூக்கிக்கொண்டு தெரியும். உடனே "வயசாயிடுச்சு" என்று முடிவு கட்டாதீர்கள். தீவனத்தை விரற்கடை அளவுக்கு வெட்டிப் போடுங்கள், புண்ணாக்கை இரவே ஊற வையுங்கள். வெறும் வைக்கோலில் சத்து இல்லை. கடலைக்கொடி, அகத்தி, வேலிமசால் என்று ஏதாவது பச்சை சேர வேண்டும், கூடவே தாது உப்பும். முக்கியமாகத் தனித் தொட்டி வையுங்கள். இளமாடு பக்கத்தில் இருந்தால் கிழடு தின்கிற வேகத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. இப்படி மாற்றின இரண்டு மாதத்தில் மயிலையின் முதுகு மூடிக்கொண்டது.

தண்ணீரும் அப்படித்தான். மார்கழிக் குளிரில் கிழ மாடு தொட்டித் தண்ணீரை மூக்கால் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும். உலர் தீனி தின்று தண்ணீர் குடிக்காவிட்டால் வயிறு கட்டிக்கொள்ளும். நான் ஒரு குண்டான் வெந்நீர் கலந்து வைக்கிறேன். இந்த விஷயத்தில் குதிரை இன்னும் மோசம். குடல் அடைத்துக்கொண்டால் வலியில் புரண்டு செத்தே போகும்.

குளம்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தார் ரோட்டில் வண்டி இழுக்கிற மாட்டுக்கு லாடம் வேண்டும். சேற்றிலும் மண்ணிலும் மட்டும் நடக்கிற மாட்டுக்கு அது தேவையில்லை. ஆனால் வேலை குறைந்த மாட்டுக்குக் குளம்பு தேயாமல் நீண்டு வளைந்துவிடும். லாடம் அடிப்பவரைக் கூப்பிட்டு அளவாக வெட்டிவிட வேண்டும். கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தடுப்பூசியை விடவே கூடாது. இயற்கை விவசாயம் என்று சொல்லித் தடுப்பூசியைத் தள்ளுகிறவர்கள் நம்மில் சிலர் இருக்கிறார்கள்; எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கோமாரியில் பிழைத்த மாடு வெயிலில் மூச்சு வாங்கிக்கொண்டே காலத்தை ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். குளம்பில் புண் வந்துவிட்டால் நம் கைமருந்து இருக்கிறது: குப்பைமேனி, வேப்பிலை, மருதாணி, துளசி ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி, பத்துப் பல் பூண்டு, 20 கிராம் மஞ்சள்தூள். இதை அரைத்து அரை லிட்டர் நல்லெண்ணெயில் காய்ச்சி ஆறவைத்து, புண்ணைக் கழுவித் துடைத்துவிட்டுத் தடவுங்கள். புழு வைத்திருந்தால் முதலில் சீத்தா இலையை அரைத்து வைக்க வேண்டும்.

வேலையை ஒரேயடியாக நிறுத்துவதும் கெடுதல். இங்கிலாந்தில் ஓல்ட் பில்லி என்று ஒரு குதிரை, கால்வாயில் படகு இழுத்தது. 1760-ல் பிறந்து 1822-ல், 62 வயதில் செத்தது என்று பதிவாகியிருக்கிறது. சாதாரணமாகக் குதிரை 25, 30 வருடம்தான். அது கொட்டகையில் கட்டிப்போட்ட குதிரை இல்லை, கடைசிக் காலத்துக்குக் கொஞ்சம் முன்பு வரை வேலை பார்த்தது. மயிலைக்கு இப்போது ஏர் கிடையாது. காலையில் வாழைத்தோப்பு வரைக்கும் நடை, எப்போதாவது காலி வண்டி. மூட்டு பிடித்துக்கொள்ளாமல் இருக்க அது போதும்.

கணக்குக் கேட்பவர்களுக்கு: மயிலை ஒரு நாளைக்குப் போடுகிற சாணம் ஏறக்குறைய பத்துக் கிலோ. 200 லிட்டர் ஜீவாமிர்தத்துக்கு, அதாவது ஒரு ஏக்கருக்கு ஒரு தடவை பாய்ச்ச, பத்துக் கிலோதான் வேண்டும். ஒரு நாட்டு மாடு 30 ஏக்கருக்குப் போதும் என்பார் பாலேக்கர். எனக்கு இருப்பது நாலு ஏக்கர். பல் போன மாட்டின் சாணத்தில் குறை ஒன்றும் காணோம்.

கடைசியாக, படுக்கை. குதிரை நின்றுகொண்டே கண்ணயரும். மாடு அப்படி இல்லை, நாளில் பாதி நேரம் படுத்தாக வேண்டும். படுத்துத்தான் நன்றாக அசை போடும். எழும்போது குதிரை முன்னங்காலை முதலில் ஊன்றும். மாடோ முன்னங்காலில் மண்டியிட்டு, தலையை முன்னால் வீசி, பின்பக்கத்தை முதலில் தூக்கும். அந்தத் தலைவீச்சுக்கு முன்னால் இடம் வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? சுவரை ஒட்டி, முளையில் ஒட்டக் கட்டுகிறோம், தரையைச் சிமெண்ட் போட்டு வழவழப்பாக்குகிறோம். இளமாடு எப்படியோ எழுந்துவிடும். கிழ மாடு இரண்டு தடவை முயன்று வழுக்கினால் மூன்றாம் தடவை முயலாது. செவலை கடைசியில் எழாமல் போனதற்கு நொண்டிக் கால் பாதிக் காரணம் என்றால் என் சிமெண்ட் தரை மீதிப் பாதி.

இப்போது மயிலை கட்டுகிற இடத்தில் சிமெண்டை உடைத்து மண் போட்டு, மேலே வாழைச் சருகும் வைக்கோலும் பரப்பியிருக்கிறேன். ஈரச் சருகை தினம் அள்ளி எருக்குழியில் போட்டுவிடுவேன். கயிற்றை ஒரு முழம் நீட்டிவிட்டேன், முன்பக்கச் சுவரிலிருந்து தள்ளிக் கட்டுகிறேன். விடியற்காலை ஐந்து மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போய் அது எழுவதைப் பார்க்கிறேன். ஒரே மூச்சில் எழுந்தால் அன்றைக்கு எல்லாம் சரி. போன வாரக் குளிரில் ஒரு நாள் இரண்டு தடவை முயன்றது. அன்று மாலையே இன்னொரு கட்டு வைக்கோல் பரப்பினேன்.