இத்தாலிய வினைச்சொல்லும் நம் தமிழ் விகுதியும்



1680-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டின் காஸ்திலியோனே என்ற ஊரில் ஒரு குழந்தை பிறந்தது. வளர்ந்து இயேசு சபைக் குருவாகி, 1710-இல் இந்தியா வந்து சேர்ந்த அவரே நம் வீரமாமுனிவர். தேம்பாவணி பாடினார், 1730-இல் தொன்னூல் விளக்கம், 1732-இல் சதுரகராதி தந்தார். மக்கள் பேசும் தமிழுக்கு இலத்தீனில் அவர் எழுதிய இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. பிற நாட்டுக் குருக்கள் தமிழைத் தவறின்றிப் பேச வேண்டும் என்பதே அந்நூலின் நோக்கம்.

நம் மொழிக்காக இவ்வளவு உழைத்தவரின் நாட்டு மொழி எப்படி இருக்கும் என்று நாம் என்றாவது எண்ணியதுண்டா? மரக்காணத்து உப்பளக் கரைக்குத் தெற்கே உள்ள இடையஞ்சாவடியில் வாழும் நமக்கு அம்மொழி அத்தனை தொலைவில் இல்லை. 1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் தொடங்கப்பட்ட ஆரோவில்லில் பல நாட்டாரோடு இத்தாலியரும் வாழ்கின்றனர். நம் பெற்றோர் பலர் அங்கு வேலைக்குச் சென்று வருகின்றனர். ஆனாலும் 'அயல்மொழி இலக்கணம் நமக்கு வராது' என்ற அச்சம் நம்முள் பலருக்கு உண்டு. அந்த அச்சம் வீண் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

1. பகுதியும் விகுதியும்

'பேசுகிறேன்' என்ற சொல்லைப் பிரித்தால் பேசு + கிறு + ஏன். பேசு பகுதி, கிறு இடைநிலை, ஏன் விகுதி. 'நான்' என்று சொல்லாவிட்டாலும், பேசுவது நான்தான் என்று விகுதி காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் பெயரைச் சொல்லாமல் இவ்வாறு பேச முடியாது. இத்தாலியத்தில் முடியும்! இதுவே நமக்குக் கிடைத்த முதல் உதவி.

இத்தாலிய வினைச்சொற்கள் மூன்று குடும்பங்களாக உள்ளன. முதற்குடும்பம் 'ஆரே' என்று முடியும்: பார்லாரே (பேசுதல்). இரண்டாவது 'ஏரே' என்றோ 'எரே' என்றோ முடியும்: கிரேதெரே (நம்புதல்). மூன்றாவது 'ஈரே' என்று முடியும்: தொர்மீரே (தூங்குதல்). அந்த முடிவை நீக்கினால் பகுதி கிடைக்கும். அதனோடு விகுதியைச் சேர்க்க வேண்டியதே நம் வேலை.

நிகழ்காலம் இதோ:

நான் – பார்லோ, கிரேதோ, தோர்மோ
நீ – பார்லி, கிரேதி, தோர்மி
அவன், அவள் – பார்லா, கிரேதே, தோர்மே
நாம் – பார்லியாமோ, கிரேதியாமோ, தொர்மியாமோ
நீங்கள் பலர் – பார்லாத்தே, கிரேதேத்தே, தொர்மீத்தே
அவர்கள் – பார்லனோ, கிரேதொனோ, தோர்மொனோ

'கிரேதோ' நமக்குப் பழகிய சொல் அல்லவா? விசுவாசப் பிரமாணத்தை இலத்தீனில் அப்பெயராலேயே குறிப்பிடுகிறோம். 'நான் விசுவசிக்கிறேன்' என்ற பொருள் முழுவதும் அந்த ஒரே சொல்லில் அடங்கியிருக்கிறது. 'நான்' என்பது ஈற்று ஓகாரத்தில் ஒளிந்திருக்கிறது. மூன்று குடும்பங்களிலும் அந்த 'ஓ' மாறாததைக் கவனியுங்கள்.

தமிழில் அவன் பேசுகிறான், அவள் பேசுகிறாள். இத்தாலியத்திலோ இருவருக்கும் 'பார்லா' ஒன்றே. அந்த வகையில் நம் மொழியே அதிகம் சொல்கிறது.

மூன்றாம் குடும்பத்தில் ஒரு கிளை உண்டு. காப்பீரே (புரிந்துகொள்ளுதல்) போன்ற சொற்களில் பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே ஓர் அசை புகும். காப்பிஸ்கோ என்றால் 'எனக்குப் புரிகிறது'. 'நாம்', 'நீங்கள் பலர்' என்னும் இரண்டு இடங்களில் மட்டும் அது புகாது: காப்பியாமோ, காப்பீத்தே.

2. காலங்கள்

இத்தாலிய வினைக்கு ஏழு பாங்குகள் உண்டு. இடம் காட்டும் முற்றுகள் நான்கு: செய்தி கூறுவது, எண்ணமும் விருப்பமும் கூறுவது, நிபந்தனை கூறுவது, ஏவல். இடம் காட்டாதவை மூன்று. அவை நம் தொழிற்பெயரையும் எச்சங்களையும் போன்றவை. செய்தி கூறும் பாங்கிற்கு மட்டும் எட்டுக் காலங்கள்! மலைக்க வேண்டாம். அவற்றுள் நான்கு தனிச்சொற்கள். மற்ற நான்கு துணைவினை சேர்ந்தவை.

தொடர்ந்து நடந்ததையும் வழக்கமாக நடந்ததையும் சொல்லும் இறந்தகாலம் மிக எளியது: பார்லாவோ (பேசிக்கொண்டிருந்தேன்), கிரேதேவோ, தொர்மீவோ. நடுவில் நிற்கும் வகரம் நம் இடைநிலை போலவே காலம் காட்டுகிறது. பகுபத உறுப்பிலக்கணம் படித்தவருக்கு இது புதிதாகத் தோன்றாது.

முடிந்த செயலைச் சொல்லத் துணைவினை வேண்டும். 'ஓ பார்லாத்தோ' என்றால் 'பேசினேன்' அல்லது 'பேசியிருக்கிறேன்'. இதில் 'ஓ' என்பது உடைமை குறிக்கும் துணைவினை. ஆனால் வருதல், போதல், புறப்படுதல் போன்ற வினைகளுக்கு 'இரு' என்னும் பொருளுள்ள துணைவினையே வரும். அப்போது ஆண்மகன் 'சோனோ பர்த்தீத்தோ' (புறப்பட்டேன்) என்பான். நாமோ 'சோனோ பர்த்தீத்தா' என்றே சொல்ல வேண்டும். தமிழில் 'புறப்பட்டேன்' என்றவர் ஆணா பெண்ணா என்று தெரியாது, இங்கே தெரிந்துவிடும். ஆண்கள் எழுதிய பாடத்தை அப்படியே ஒப்பிக்கும் பெண்பிள்ளைகள் தவறுமிடம் இது.

நெடுநாள் முன் நடந்ததைக் கதையிலும் வரலாற்றிலும் சொல்லும் முற்று வேறு: பார்லாயி (பேசினேன்).

எதிர்காலம்: பார்லெரோ (பேசுவேன்), கிரேதெரோ, தொர்மிரோ. இவற்றில் ஈற்று 'ரோ' அழுத்தி ஒலிக்கப்பெறும். முதற்குடும்பத்தின் அகரம் இங்கே எகரமாகத் திரிவதை மறவாதீர்கள்.

நிபந்தனைப் பாங்கு இதற்கு உடன்பிறந்தாள் போன்றது. பார்லெரேயி என்றால் 'வாய்ப்பிருந்தால் பேசுவேன்'. 'பார்லெரேமோ' என்பது 'நாம் பேசுவோம்' என்ற உறுதி. 'பார்லெரேம்மோ' என்பது 'முடிந்தால் பேசுவோம்' என்ற தயக்கம். வேறுபாடு ஒரே ஒரு மகர ஒற்று! படம் வேறு, பட்டம் வேறு என்று அறிந்த நமக்கு ஒற்று இரட்டிப்பதன் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

3. எண்ணமும் விருப்பமும்

'தோர்மே' என்றால் 'அவள் தூங்குகிறாள்', கண்டு சொல்வது. 'கிரேதோ கே தோர்மா' என்றால் 'அவள் தூங்குகிறாள் என்று நினைக்கிறேன்', கண்டதன்று, எண்ணுவது. நினைத்தல், விரும்புதல், அஞ்சுதல் ஆகிய வினைகளின் பின் இந்தப் பாங்கு வரும். விதி எளிது. முதற்குடும்பம் இகரம் பெறும்: பார்லி. மற்ற இரண்டும் அகரம் பெறும்: கிரேதா, தோர்மா. ஒருமையில் மூன்று இடங்களுக்கும் இவ்வடிவம் ஒன்றே.

இப்பாங்கு நம் வியங்கோளின் வேலையையும் செய்கிறது. நாம் 'வாழ்க!' என்று வாழ்த்துமிடத்தில் இத்தாலியர் 'வீவா!' என்பர்.

4. மரியாதை எங்கே இருக்கிறது?

இனி வருவதே இப்பாடத்தின் உயிர்நிலை. தமிழ் கற்கும் வெளிநாட்டார் சிலர் நம் பாட்டியைப் பார்த்து 'வா, உட்கார்' என்று சொல்லிவிடுவதுண்டு. கேட்ட நமக்கு மனம் சுருக்கென்கிறது. ஆயின் அவர் மரியாதை அறியாதவர் அல்லர், விகுதி அறியாதவர்.

அதே பிழை நம் நாவிலும் நேரலாம். நாம் பன்மையால் மரியாதை காட்டுகிறோம்: வந்தார், வாருங்கள். இத்தாலியர் படர்க்கை ஒருமையால் மரியாதை காட்டுகின்றனர். நண்பருக்கும் வீட்டாருக்கும் 'தூ' (நீ). அறிமுகமில்லாத பெரியவருக்கு, அவர் ஆணாயினும், 'அவள்' என்று பொருள்படும் 'லேயி'. ஆகவே 'பார்லி' என்றால் 'நீ பேசுகிறாய்'. 'பார்லா' என்றால் 'தாங்கள் பேசுகிறீர்கள்'.

ஏவலிலோ இது தலைகீழாக மாறும்! 'பார்லா' என்றால் 'நீ பேசு'. 'பார்லி' என்றால் 'பேசுங்கள்'. காரணம் என்ன? பெரியவரை ஏவுவதற்குக் கட்டளைச் சொல் தகாது என்று, மேலே கண்ட விருப்பச் சொல்லையே இத்தாலியர் எடுத்துக்கொண்டனர். 'தாங்கள் பேசவேண்டும்' என்று நாம் பணிந்து கேட்பது போன்றதே அது.

மன்னிப்புக் கேட்கும் சொல்லும் அப்படியே. தோழியிடம் 'ஸ்கூசா', பெரியவரிடம் 'ஸ்கூசி'. ஓர் உயிரெழுத்துப் பிசகினால், மன்னிப்புக் கேட்கும்போதே மரியாதைக் குறைவு ஆகிவிடும். ஆனால் இறைவனிடம் மன்றாடும்போது இத்தாலியர் 'தூ' என்றே அழைக்கின்றனர். வீட்டாரிடம் பேசும் அந்த நெருக்கத்தோடே அவரிடமும் பேசுகின்றனர்.

5. பயிற்சி

உப்புக்கு இத்தாலியத்தில் 'சாலே' என்று பெயர். உப்பிடுதல் 'சலாரே', முதற்குடும்பம். நம் கரையில் மீனுக்கு உப்பிடாத ஊர் ஏது? எனவே இச்சொல்லை நிகழ்காலத்தில் ஆறு இடங்களுக்கும் எழுதுங்கள். பிறகு சரிபாருங்கள்: சாலோ, சாலி, சாலா, சலியாமோ, சலாத்தே, சாலனோ. அடுத்து இறந்தகாலம், எதிர்காலம், ஏவல் என்று ஒவ்வொன்றாக முயலுங்கள். நாளுக்கு ஒரு சொல் போதும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.

அன்புத் தங்கையரே! பகுதி, இடைநிலை, விகுதி என்று வகுப்பில் நாம் அலுப்போடு மனனம் செய்தது வீண்போகவில்லை; அதுவே இன்று அயல்மொழியின் கதவைத் திறந்தது. அன்று வீரமாமுனிவர் தம் மொழியின் கரையிலிருந்து நம் கரைக்கு வந்தார். நாமும் நம் தமிழைப் பற்றிக்கொண்டே அக்கரைக்குச் சென்று வரலாம். அதுவரை, தமிழில் தடுமாறும் அயலார் ஒருவர் நம் பாட்டியை 'வா' என்று அழைத்தால் சிரிக்காமல், சினக்காமல், 'வாங்க என்று சொல்லுங்கள்' என்று அன்போடு திருத்துவோம். நாளை நாம் தடுமாறும்போது நம்மையும் யாரேனும் அவ்வாறே திருத்துவர்.