காப்பீட்டு அட்டையும் கடைவாய்ப் பல்லும்

உத்திரமேரூர் பக்கம் பல் வலித்தால் முதலில் கிராம்பு, அப்புறம் மெடிக்கல் ஷாப் மாத்திரை. அதற்கும் அடங்காவிட்டால்தான் பீரோவைத் திறந்து காப்பீட்டு அட்டையைத் தேடுவார்கள். அதை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனால், "இதுக்கு இது செல்லாதும்மா" என்ற பதில் வரும். அதோடு பல்லையே கைவிட்டவர்கள் நம் ஊர்களில் ஏராளம். அட்டை செல்லாது என்பது சரிதான். வேறு வழியே இல்லை என்று நினைப்பதுதான் தவறு.

"அஞ்சு லட்சம் காப்பீடு இருக்கு, பல்லுக்கும் கிடைக்கும்"

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கானது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆனால் அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்துப் பார்க்கும் வைத்தியத்துக்கு. சொத்தையை அடைப்பது, வேர் சிகிச்சை, பல்செட் எல்லாம் வந்து பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பும் சிகிச்சைகள், அதனால் அதில் வராது. பைக்கில் விழுந்து தாடை எலும்பு முறிந்தாலோ வாயில் புற்றுநோய் வந்தாலோ அதே அட்டை கை கொடுக்கும். சொந்தக் காசு கட்டி எடுக்கும் பாலிசிகளிலும் அனேகமாக இதே கதைதான்.

இங்கே பலர் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிற பிள்ளைகள், சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால், காண்ட்ராக்ட் வேலையானாலும் பிடித்தம் உண்டு. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். அந்தப் பணத்துக்கு ஈடாகக் கிடைக்கும் வைத்தியத்தில் பல் வைத்தியமும் அடக்கம். மனைவி, குழந்தைகள், தொழிலாளியை நம்பியிருக்கும் பெற்றோர் ஆகியோருக்கும் இது பொருந்தும். உங்களுக்கு ஒதுக்கிய டிஸ்பென்சரியில் கேட்டால், தேவைப்படும்போது கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டே, அம்மாவின் பல்லுக்கு வட்டிக்கு வாங்குவது எவ்வளவு கொடுமை!

"கவர்மென்ட் ஆஸ்பத்திரியில பிடுங்கத்தான் தெரியும்"

முற்றிய பிறகே போகிறோம், அதனால் அங்கே பிடுங்குவதைத்தான் அதிகம் பார்க்கிறோம். காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனையிலும், பல் பிரிவு உள்ள வட்ட மருத்துவமனைகளிலும் மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சொத்தை அடைப்பதும் காரை எடுப்பதும் நடக்கின்றன. சீட்டு போடுவது காலையில்தான், அதற்கேற்பக் கிளம்புங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்கு ஃபோன் செய்து கேட்கலாம். பள்ளிக்கூடத்துக்கு வரும் மருத்துவக் குழு பிள்ளைகளின் சொத்தைப் பல்லையும் பார்க்கிறது. அவர்கள் மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டைத் தயவுசெய்து புத்தகப் பையிலேயே விட்டுவிடாதீர்கள்.

"காலேஜுல பசங்க நம்ம வாயில கத்துப்பாங்க"

நமக்குப் பெரிய உதவியைத் தட்டிவிடும் நம்பிக்கை இது. பல் மருத்துவக் கல்லூரியில் முதலில் வாய் முழுவதையும் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று எழுதுவார்கள். மாணவர் சொத்தையைச் சுரண்டி முடித்ததும் பேராசிரியர் வந்து பார்ப்பார். அவர் சரி என்ற பிறகே அடைப்பார்கள். வேர் சிகிச்சை, கடைவாய்ப் பல் அறுவை போன்றவற்றை பி.டி.எஸ். முடித்து மேல்படிப்பு படிக்கும் மருத்துவர்களே செய்வது வழக்கம். நேரம்தான் அதிகமாகும், இரண்டு மூன்று முறை வரச் சொல்வார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுவும் ஒரு செலவுதான், மறுக்கவில்லை. ஆனாலும் கிளினிக்கில் ஆயிரக்கணக்கில் ஆகும் வேலை இங்கே மிகக் குறைவாக முடியும்.

நமக்கு எட்டும் தூரத்தில் மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி கல்லூரி இருக்கிறது, காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். இருக்கிறது. இவை தனியார் என்பதால் கட்டணத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 1953-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி சென்னையில் இருக்கிறது. செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறி கோட்டை ஸ்டேஷனில் இறங்கினால் பக்கம்தான்.

"ரோட்டோரத்துல சல்லிசா நிரந்தரப் பல் கட்டறாங்க"

மாவும் திரவமும் குழைத்து, பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஒட்டி, சில சமயம் கம்பியும் சுற்றிவிடுவார்கள். கழற்ற முடியாது, சுத்தம் செய்யவும் முடியாது. உணவு அடியில் தங்கி ஈறு அழுகும். போன பல்லுக்குப் பதில் பல் கட்டப் போய், பக்கத்தில் இருந்த நல்ல பல் இரண்டும் ஆடத் தொடங்கும். பதிவு செய்யாதவர் பல் வைத்தியம் பார்ப்பது சட்டப்படி குற்றம். பதிவு எண்ணைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம்.

"மேல் பல்லை எடுத்தா கண்ணு போயிடும்"

போகாது. பார்வைக்கான நரம்பு வேறு, மேல்தாடைப் பற்களுக்கான நரம்பு வேறு. சுகர் இருந்தால் பல்லே எடுக்கக் கூடாது என்பதும் சரியல்ல. சுகரைக் கட்டுப்பாட்டில் வைத்து, சாப்பிடும் மாத்திரைகளைச் சொல்லிவிட்டு எடுக்கலாம். கண்டங்கத்திரி விதையைப் புகைத்துக் காட்டும் 'பல் புழு'வும் பல்லிலிருந்து வருவதல்ல. சொத்தையை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். கிராம்பு எண்ணெய் வலியை மரத்துப்போகச் செய்யும், சொத்தையை நிறுத்தாது. வலி அடங்கிய அந்த நாட்களில்தான் சொத்தை வேர் வரை இறங்குகிறது. அடைத்தாலே போதும் என்றிருந்த பல் வேர் சிகிச்சைக்கு வரும், அதையும் தள்ளிப்போட்டால் பிடுங்கிவிட்டுப் பல் கட்ட வேண்டிவரும். ஒவ்வொரு படிக்கும் செலவு ஏறும்.

"வாய்ப்புண்தானே, சூடு"

புகையிலை, பான் மசாலா பழக்கம் உள்ளவர்களின் வீட்டார் இதைக் கவனமாகப் படியுங்கள். இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயை முழுசாகத் திறக்க முடியாமல் போவது என்று எது தெரிந்தாலும் உடனே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். புற்றுநோய் என்று சந்தேகப்பட்டால், அதற்கென்றே காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பல்லுக்குச் செல்லாத அந்தக் காப்பீட்டு அட்டை இதற்குச் செல்லும். ஆதார், ரேஷன் கார்டோடு அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.