அமெரிக்காவின் சுங்க வரியும் ஆம்பூர் தொழிலாளியின் கூலியும்





போன வாரம் அஸர் தொழுகை முடிந்து ஒரு சகோதரர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை செய்பவர். "ஹஜ்ரத், காலை எட்டு மணிக்குப் போய் நிற்கிறோம். பதினொரு மணிக்கு, இன்றைக்குத் தோல் வரவில்லை, வீட்டுக்குப் போங்கள் என்கிறார்கள். அந்த நாள் கூலி கிடையாது. கேட்டால் டிரம்ப் வரி போட்டுவிட்டார் என்கிறார்கள். அமெரிக்காவில் வரி போட்டால் என் கூலியை நிறுத்துவது மார்க்கத்தில் கூடுமா?" என்று கேட்டார்.

இரண்டு நாள் கழித்து ஒரு முதலாளி வந்தார். "ஆர்டர் நின்றுவிட்டது ஹஜ்ரத். தைத்த சரக்கு குடோனில் கிடக்கிறது. பேங்கிலிருந்து தினமும் போன் வருகிறது. எங்கிருந்து கூலி கொடுப்பேன், சொல்லுங்கள்" என்றார்.

இருவரும் நம் பள்ளியில் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நிற்பவர்கள். இருவருமே பொய் சொல்லவில்லை. ஆகவே இன்றைய பயான் இந்த இருவருக்கும் சேர்த்துத்தான்.

முதலில் நடந்தது என்ன என்பதைத் தெரிந்துகொள்வோம். 2025 ஆகஸ்ட் 7 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 25 சதவீதம் கூடுதல் இறக்குமதி வரி விதித்தது. ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறோம் என்று காரணம் சொல்லி ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25 சதவீதம். ஆக அப்போது மொத்தம் 50 ஆனது. இந்த வரியை அங்கே துறைமுகத்தில் கட்டுபவர் இறக்குமதி செய்யும் அமெரிக்க வியாபாரிதான். அப்படியென்றால் நமக்கு என்ன வந்தது என்று சிலர் கேட்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆம்பூரில் தைத்த ஒரு ஜோடி ஷூ 20 டாலருக்கு அங்கே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 50 சதவீதத்தில் கூடுதல் வரி மட்டும் 10 டாலர் ஆனது. அதே 20 டாலர் ஷூ வியட்நாமிலிருந்து போனால் அவர்களுக்கு அப்போது 20 சதவீதம், 4 டாலராக இருந்தது. இந்தோனேஷியாவுக்கு அப்போது 19 சதவீதமாக இருந்தது. வாங்குபவன் என்ன செய்வான்? "வித்தியாசத்தை நீ விலையில் குறை, இல்லையென்றால் ஆர்டரை அங்கே கொடுத்துவிடுகிறேன்" என்பான். நம் ஏற்றுமதியாளருக்கு ஒரு ஜோடியில் அந்த அளவு லாபமே கிடையாது. அவர் ஜாப் ஒர்க் எடுப்பவரிடம் குறைக்கச் சொல்வார். ஜாப் ஒர்க்காரர் தையல் போடும் பெண்களின் பீஸ் ரேட்டில் கை வைப்பார். வாஷிங்டனில் போட்ட கையெழுத்து, பாலாற்றங்கரையில் ஒரு வீட்டின் அரிசிப் பானையில் வந்து நிற்பது இப்படித்தான்.

1991-ல் நம் நாடு சந்தையைத் திறந்தது. 1995-ல் உலக வர்த்தக அமைப்பு வந்தது. ஒப்புக்கொண்ட அளவுக்கு மேல் நினைத்தபடி வரியை உயர்த்த மாட்டோம் என்று நாடுகள் ஒன்றுக்கொன்று வாக்குக் கொடுத்தன. அந்த நம்பிக்கையில்தான் நம் ஊர்களில் ஷெட்டுக்கு மேல் ஷெட்டாகக் கட்டினோம். வாக்கை மீறியவர்கள் அதற்கு அல்லாஹ்விடம் பதில் சொல்லட்டும். நம் பொறுப்பில் உள்ளதற்கு நாம் பதில் சொல்ல வேண்டும்.

உமர் (ரலி) அவர்கள் காலத்துச் சுங்கம்

நாடு விட்டு நாடு போய் வியாபாரம் செய்வது நமக்குப் புதிதல்ல. குளிர்காலத்தில் யமனுக்கும் கோடைகாலத்தில் ஷாமுக்கும் போன குறைஷிகளின் பயணங்களைப் பற்றி ஒரு சூராவே இருக்கிறது. பசிக்கு உணவளித்ததையும் பயத்திலிருந்து பாதுகாப்பளித்ததையும் அந்தப் பயணங்களோடு சேர்த்தே அல்லாஹ் நினைவூட்டுகிறான். வழியில் அச்சம் வந்துவிட்டால் வணிகமும் போய்விடும், வயிறும் காய்ந்துவிடும்.

சுங்க வரியும் புதிதல்ல. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், "நம் வியாபாரிகள் அந்நிய நாடுகளுக்குப் போனால் பத்தில் ஒரு பங்கு வாங்குகிறார்கள், நாம் என்ன செய்வது?" என்று அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் கடிதம் எழுதினார்கள். அவர்கள் நம்மிடம் எடுப்பது போல் நீங்களும் அவர்களிடம் எடுங்கள் என்று பதில் வந்தது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவர் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள், கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய கிதாபுல் கராஜில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆக, பதிலுக்குப் பதில் வரி என்பதை ஓர் அரசு செய்யவே கூடாது என்று நாம் சொல்லிவிட முடியாது.

ஆனால் அதே உமர் (ரலி) அவர்கள், ஷாமிலிருந்து கோதுமையும் எண்ணெயும் கொண்டுவந்த நபத்தி வியாபாரிகளிடம் மட்டும் பாதியாகக் குறைத்து, இருபதில் ஒரு பங்குதான் வாங்கினார்கள். மதீனாவுக்கு அந்தச் சரக்கு அதிகமாக வர வேண்டும் என்பதே காரணம் என்று முவத்தாவில் வருகிறது. பருப்பு வகைகளுக்குப் பத்தில் ஒன்று அப்படியே இருந்தது. மக்களின் அடுப்பைப் பார்த்துப் போட்ட வரி அது. யாரையோ பணிய வைப்பதற்காகப் போட்டதல்ல.

இன்னொரு நிகழ்ச்சியையும் அபூயூஸுஃப் (ரஹ்) சொல்கிறார்கள். ஃபுராத் நதிப் பக்கம் சுங்கம் வசூலிக்க ஸியாத் இப்னு ஹுதைர் என்பவர் நியமிக்கப்பட்டிருந்தார். தஃக்லிப் குலத்தைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவர் குதிரையோடு வந்தார். குதிரையின் மதிப்பு இருபதாயிரம் என்று கணக்கிட்டு ஆயிரம் வாங்கினார் ஸியாத். அதே வருடம் அதே மனிதர் அந்த வழியாகத் திரும்பி வந்தபோது மீண்டும் ஆயிரம் கேட்டார். ஒவ்வொரு முறை கடக்கும்போதும் ஆயிரமா? அந்த மனிதர் நேராக மக்காவுக்குப் போய் உமர் (ரலி) அவர்களிடம் முறையிட்டார். அமீருல் முஃமினீன் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்கள், உன் காரியம் முடிந்தது என்ற பொருளில். அவருக்கோ, தன்னைத் தட்டிக் கழித்துவிட்டார்கள் என்ற எண்ணம். சரி, இன்னொரு ஆயிரத்தைக் கட்டிவிடுவோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு திரும்பினார். வந்து பார்த்தால் அவருக்கு முன்பே கலீஃபாவின் கடிதம் வந்து சேர்ந்திருந்தது. ஒருமுறை வாங்கியவரிடம் அடுத்த வருடம் அதே நாள் வரும்வரை எதுவும் வாங்காதே என்று அதில் எழுதியிருந்தது.

முறையிட்டவர் முஸ்லிம் அல்ல. ஆட்சியில் செல்வாக்கு உள்ளவரும் அல்ல. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

கூலியின் சட்டம்

இப்போது அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருவோம். ஹிதாயாவில் இஜாரா பாடத்தை மதரஸாவில் ஓதியபோது, இது எல்லாம் எந்தக் காலத்துக்கு என்று மனதுக்குள் நினைத்தவன்தான் நான். இப்போது புரிகிறது.

ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருவருக்காக மட்டும் வேலை செய்பவரை அஜீர் காஸ் என்கிறோம். அவர் நேரத்துக்கு வந்து, இதோ நான் தயார் என்று தன்னை ஒப்படைத்துவிட்டால் கூலிக்கு உரியவராகிவிடுகிறார். முதலாளி வேலை கொடுக்காவிட்டாலும் சரி. எட்டு மணிக்கு கேட்டுக்குள் எடுத்துவிட்டு, தோல் வரவில்லை என்று பதினொரு மணிக்கு அனுப்பினால் அந்த நாளின் கூலி முதலாளியின் கழுத்தில் கடன். தோல் வராதது தொழிலாளியின் குற்றமா? இதற்கு மாறாக, வீட்டில் வைத்துப் பல கம்பெனிகளுக்குக் கை தையல் போட்டுக் கொடுப்பவர் அஜீர் முஷ்தரக். அவருக்கு முடித்த வேலைக்குத்தான் கூலி. ஆனால் முடித்த வேலைக்குப் பேசிய கூலி முழுவதும் உண்டு. தைத்துக் கொடுத்த பிறகு, வரி வந்துவிட்டது, ஜோடிக்கு இவ்வளவு குறைத்துக்கொள் என்பது ஹராம். அவர் பேசாமல் வாங்கிக்கொண்டு போவது சம்மதம் ஆகாது. அடுத்த ஆர்டர் கிடைக்காது என்ற பயம் அது.

சரி, முதலாளியின் பக்கம்? நம் ஹனஃபி மத்ஹப், உண்மையான தங்கடம் வந்தால் இஜாராவை முறிக்க இடம் கொடுக்கிறது. ஒரு தையற்காரர் ஒரு பையனை வேலைக்கு வைத்திருந்தார், முதல் எல்லாம் போய்த் திவாலாகித் தொழிலையே விட்டுவிட்டார் என்றால் அது தக்க காரணம், ஒப்பந்தத்தை முறிக்கலாம். ஆனால் அதே தையற்காரர், தையலைவிட நாணயம் மாற்றும் தொழில் நன்றாக இருக்கிறது, அதற்குப் போகிறேன், நீ கிளம்பு என்றால் அது காரணம் ஆகாது. கடையின் ஒரு மூலையில் பையன் தைக்கட்டும், இன்னொரு மூலையில் நீ நாணயம் மாற்று என்று ஃபுகஹாக்கள் சொல்லிவிட்டார்கள்.

இந்த இரண்டு மஸ்அலாவையும் இன்றைய ஊருக்கு வைத்துப் பாருங்கள். அமெரிக்காவுக்கு மட்டுமே சரக்கு அனுப்பி, உண்மையிலேயே கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கும் முதலாளி இருக்கிறார். அவர் தொழிலாளிகளை உட்கார வைத்துக் கணக்கைத் திறந்து காட்டி, அடுத்த மாதத்திலிருந்து இப்படித்தான் முடியும், சம்மதமா என்று கேட்கலாம். நாட்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்குக் கீழே போகக் கூடாது. செய்த வேலைக்குப் பாக்கி வைக்கக் கூடாது. அப்படிப்பட்டவருக்கு நம் துஆவும் உண்டு, உதவியும் உண்டு.

ஆனால் என் காதுக்கு வந்த இன்னொரு செய்தி வயிற்றைக் கலக்குகிறது. அமெரிக்காவுக்கு ஒரு ஜோடி கூட அனுப்பாத, ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் மட்டும் அனுப்புகிற ஓர் இடத்திலும் டிரம்ப் வரியைச் சொல்லிக் கூலியைக் குறைத்திருக்கிறார்களாம். ஊரெல்லாம் அழுகிறது, நாமும் சேர்ந்து அழுதுகொண்டே கொஞ்சம் மிச்சம் பிடிப்போம் என்பதுதானே இது? வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வாதாடுவதாக அல்லாஹ் அறிவித்திருக்கிறான் என்ற கருத்தில் புகாரியில் ஹதீஸ் குத்ஸி இருக்கிறது. அல்லாஹ் எதிர்த் தரப்பில் நிற்கும் வழக்கில் எந்த வக்கீலைப் பிடிக்கப் போகிறோம்?

இன்னும் ஒன்று. தையல் பிரிவில் உட்கார்ந்திருக்கும் பெண்களில் எத்தனையோ பேர் சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வரும் மாற்று மதச் சகோதரிகள். அவர்கள் நம் பள்ளிவாசலுக்கு வந்து ஹஜ்ரத்திடம் கேட்க மாட்டார்கள். அந்த தஃக்லிப் கிறிஸ்தவருக்கு, அவர் திரும்பிப் போவதற்கு முன்பே கடிதம் போய்ச் சேர்ந்ததே, அதை இவர்களுக்காகத்தான் மனதில் வைக்கச் சொன்னேன். கூலியில் கலிமா சொன்னவர், சொல்லாதவர் என்ற பிரிவு கிடையாது.

ஒரு முதலாளி, வேலை இல்லாமல் நிற்கும் தொழிலாளிக்கு ஜகாத் கொடுக்கலாமா என்று கேட்டார். ஏழை முஸ்லிம் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் பாக்கிக் கூலியை ஜகாத் கணக்கில் எழுதக் கூடாது. அது உங்கள் பணமே அல்ல, அவருடையது. மாற்று மதத்தவருக்கு ஸதகாவிலிருந்து கொடுங்கள்.

நம் பக்கத்துக் கணக்கு

கசப்பாக இருந்தாலும் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நம் பகுதிக்கு வெளிநாட்டு அடி இது முதல் முறை அல்ல. 1989-ல் ஜெர்மனி, தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடும் பென்டாகுளோரோபீனாலைத் தடை செய்தபோது நம் தோலும் அங்கே மாட்டிக்கொண்டது. மருந்தை மாற்றி மீண்டோம். அந்தத் தடையில் நமக்கே நன்மை இருந்தது, அதே மருந்தில் கை வைத்தவர்கள் நம் தொழிலாளிகள்தானே. 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் பாலாற்று வழக்கில் தீர்ப்புச் சொல்லி, தோல் ஷாப் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டது. நம் செலவை மிச்சம் பிடித்து, கழிவு நீரின் பாரத்தை ஆற்றோர விவசாயியின் கிணற்றில் இறக்கினோம் என்பதே அந்த வழக்கின் சாரம். 2025-ல் தன் பாரத்தை நம் தலையில் இறக்கியது ஒரு பெரிய நாடு. நாம் ஒரு காலத்தில் செய்தது எவ்வளவு வலித்திருக்கும் என்று இப்போதாவது தெரிகிறதா?

யூஸுஃப் (அலை) அவர்கள் ஏழு செழிப்பான வருடங்களில் கதிரோடு சேர்த்து வைத்ததால்தான் ஏழு பஞ்ச வருடங்களில் மிஸ்ரு மட்டுமல்ல, கன்ஆனும் சாப்பிட்டது. நமக்கு நல்ல ஆர்டர் வந்த வருடங்கள் இருந்தன. அவற்றில் எது மிஞ்சியது என்று நான் கேட்டால் கல்யாண மண்டபங்களைக் காட்டுவீர்கள். ஒரே வாங்குபவர், ஒரே நாடு என்று சாய்ந்துவிட்டதும் நாம் செய்த தவறுதான். 2025 ஜூலை 24-ல் பிரிட்டனோடு நம் அரசு வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அந்தப் பக்கம் வரியைக் குறைக்க அந்த ஒப்பந்தம் வகைசெய்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சிறிய யூனிட்காரர்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள், தனக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கடன் கொடுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிரமத்தில் இருப்பவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படி அல்பகரா 280-வது வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். தொழிலாளியின் வீட்டு வாடகை, மளிகைக் கடை பாக்கி எல்லாம் இதில் வரும். வாடகை வாங்குபவர்களில் பலர் இந்த ஸஃப்களில்தான் இருக்கிறீர்கள். நெருக்கினால் அவர் வாரக் கடன்காரனிடம் போவார். அந்த வட்டியில் அவரை நாம்தான் தள்ளியவர்கள் ஆவோம்.

நிர்வாகக் கமிட்டியிடம் பேசிவிட்டேன். பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடனுக்கு என்று தனியாக ஒரு கணக்கு தொடங்குகிறோம். வேலை நின்ற குடும்பங்கள், எந்த மதத்தவரானாலும், இஷாவுக்குப் பிறகு அலுவலக அறையில் வந்து பெயர் கொடுக்கலாம். பெயர் வெளியே போகாது. கூலிப் பாக்கி பற்றிப் பேச வேண்டிய தொழிலாளியும் முதலாளியும் ஞாயிறு அஸருக்குப் பிறகு வாருங்கள், கணக்கு நோட்டையும் எடுத்து வாருங்கள். ஒப்பந்தம் ஆளுக்கு ஆள் மாறும், அதைப் பார்த்துத்தான் சட்டம் சொல்ல முடியும்.

யா அல்லாஹ்! நின்றுபோன எங்கள் மெஷின்களை ஓட வைப்பாயாக, வேலை செய்தவர்களின் ஹக்கை நாங்கள் முழுமையாகக் கொடுக்க தௌஃபீக் செய்வாயாக. ஆமீன்.

சுன்னத் தொழாதவர்கள் எழுந்து தொழுதுகொள்ளுங்கள்.