முதலில் நம் கைபேசியைப் பார்ப்போம்

தொடக்கப்பள்ளியில் இடைநிலை ஆசிரியராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

இணையப் பாதுகாப்பு என்றதும், "பிள்ளைகளுக்கு என்ன சொல்லித் தரலாம்?" என்றுதான் எல்லாரும் கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. ஆனால் இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் படம், பிறந்த தேதி, ஆதார் எண், அப்பாவின் ஃபோன் நம்பர், வீட்டு முகவரி எல்லாம் இருப்பது நம் கையில். வெளியே போனால் நம் வழியாகத்தான் போகும். அதனால் நான் சொல்வதில் பாதி உங்களைப் பற்றியது.

1. படம் எடுத்தால், அனுப்புவதற்கு முன் உற்றுப் பாருங்கள்.

சுதந்திர தின விழாவில் மாறுவேடம் போட்ட ஒரு பிள்ளையின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்குத் தெரிவது பாரதியார் மீசை. அந்நியன் கண்ணுக்கு அதே படத்தில் கழுத்திலிருக்கும் அடையாள அட்டை தெரியும். அதில் பெயர், வகுப்பு, அப்பாவின் நம்பர். பின்னால் கரும்பலகையில் ஊராட்சி ஒன்றியத்தின் பெயரும் தேதியும். ஓரத்தில் "இன்று பிறந்தநாள்" என்று இன்னொரு பிள்ளையின் பெயர். அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "அப்பாதான் அனுப்பினார்" என்று பள்ளி வாசலில் நிற்க ஒருவனுக்கு இது போதும்.

ஆகவே அட்டையைச் சட்டைக்குள் விடச் சொல்லுங்கள். பலகையை அழித்துவிட்டு எடுங்கள். முகம் தெரியாமல் கைவேலையை, வரைந்த ஓவியத்தை, முதுகுப் பக்கமிருந்து வகுப்பை எடுத்தாலும் நிகழ்ச்சி நடந்ததற்கு அதுவே சான்று. நடனம் ஆடும், குளத்தில் குளிக்கும், மருத்துவ முகாமில் சட்டை கழற்றி நிற்கும் பிள்ளைகளின் படங்கள் எங்கும் போகக் கூடாது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லாரையும் குழந்தை என்றே கொள்கிறது; அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. ஆண்டுத் தொடக்கத்திலேயே பெற்றோரிடம் எழுதி வாங்கி வையுங்கள். வேண்டாம் என்று ஒரு தாய் சொன்னால் காரணம் கேட்காதீர்கள். கணவனிடமிருந்து ஒளிந்து வாழும் பெண்ணாக இருக்கலாம்.

உங்கள் சொந்த ஸ்டேட்டஸில், ரீல்ஸில் மாணவர் முகம் வேண்டவே வேண்டாம். எத்தனை அழகாகச் சிரித்தாலும் சரி.

2. எமிஸ் பாஸ்வேர்டு உங்களுடையது.

வேலைப்பளு எனக்குத் தெரியும். வருகைப் பதிவு, மதிப்பீடு, உதவித்தொகை விவரம் எல்லாம் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் அன்றே ஏற்றியாக வேண்டும். பள்ளியில் நெட் கிடைக்காது. அதற்காகப் பிரவுசிங் சென்டர் பையனிடம் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அங்கே பிரின்ட் எடுக்க வாட்ஸ்அப் வெப் திறந்தால், எழுந்திருக்கும் முன் உங்கள் ஃபோனில் "லிங்க்டு டிவைசஸ்" பகுதிக்குப் போய் அந்தக் கணினியை நீக்குங்கள். நீக்காவிட்டால், நீங்கள் வீட்டுக்குப் போன பிறகும் உங்கள் செய்திகள் அங்கே திறந்தே இருக்கும். டவுன்லோடு ஆன கோப்பையும் அழியுங்கள். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள்.

ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் உள்ள மாணவர் பட்டியலை ஆசிரியர் குழுவில் போட்டு "சரிபார்க்கவும்" என்று எழுதும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதை நிறுத்துங்கள். யாருக்கு வேண்டுமோ அவருக்கு மட்டும் அனுப்புங்கள். வேலை முடிந்ததும் இரண்டு பக்கமும் அழியுங்கள்.

3. பெற்றோர் குழுவில் அட்மின் மட்டும் பதிவிடும்படி வையுங்கள்.

ஒரு குழுவில் சேர்த்தால் ஒவ்வொரு தாயின் நம்பரும் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. பெற்றோர் உங்கள் நம்பரைச் சேமித்திருந்தால் பிராட்காஸ்ட் லிஸ்ட் போதும். ஒருவர் நம்பர் மற்றவருக்குத் தெரியாது. பிள்ளையின் மதிப்பெண்ணையும் குறும்பையும் பொதுவில் எழுதாதீர்கள். பிள்ளையோடு தனியாக சாட் செய்யாதீர்கள். செய்தி எதுவானாலும் பெற்றோருக்கு, பகலில்.

4. ஸ்மார்ட் போர்டில் போடும் வீடியோவை முந்தைய நாளே கடைசி நொடி வரை பாருங்கள்.

ஆட்டோபிளேயை அணையுங்கள், ரெஸ்ட்ரிக்டட் மோடை வையுங்கள். இரண்டும் செய்தாலும் விளம்பரம் வரும். பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியில் இருக்கும் பாடத்தை யூடியூபில் தேட வேண்டியதில்லை. வகுப்பு நடக்கும்போது தேடுபெட்டியில் தட்டச்சு செய்யாதீர்கள். நீங்கள் முடிக்கும் முன்பே அது காட்டும் பரிந்துரைகளை நாற்பது கண்கள் படித்துவிடும்.

5. ஓடிபி பாடத்தை ஐந்தாம் வகுப்பிலேயே நடத்துங்கள்.

இதைச் சொன்னால் சிலர் வியக்கிறார்கள். அப்பா வெளியூரில் அல்லது வளைகுடாவில், அம்மா வேலைக்குப் போயிருக்கிறார், வீட்டில் பாட்டியும் பேரனும். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. வங்கியிலிருந்து பேசுவதாக ஃபோன் வரும்போது அந்த ஆறு எண்களைப் படித்துச் சொல்வது யார்? உங்கள் மாணவன்தான். அவன்தான் அந்த வீட்டின் படித்த ஆள்.

எனவே நாடகமாக நடத்துங்கள். ஒருவன் மோசடிக்காரன், ஒருத்தி பாட்டி, ஒருவன் பேரன். "உதவித்தொகை வந்திருக்கு, இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க" என்று அவன் பேசட்டும். யுபிஐ பின் போடுவது பணம் அனுப்புவதற்குத்தான், வாங்குவதற்கு அது தேவையே இல்லை என்பதைப் பேரன் சொல்லி ஃபோனை வைக்கட்டும். ஒரு பீரியடில் முடியும். அன்று மாலையே பல வீடுகளில் அது மறுபடி நடிக்கப்படும்.

6. அவர்கள் விளையாடும் விளையாட்டின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் கணக்குக்குக் குறைந்தது 13 வயது என்று விதி இருக்கிறது. உங்கள் வகுப்பில் ஒருவருக்கும் அந்த வயதில்லை. ஆனாலும் அண்ணன் கணக்கில் நுழைகிறார்கள். ஃப்ரீ ஃபயர் போன்ற விளையாட்டுகளில் முகம் தெரியாதவரோடு குரலில் பேசிக்கொண்டே விளையாட முடியும். "டைமண்ட் தர்றேன், உன் பாஸ்வேர்டு சொல்லு", "டைமண்ட் தர்றேன், ஒரு போட்டோ அனுப்பு" என்று வருவதெல்லாம் அங்கேதான். விளையாடாதே என்று மட்டும் சொன்னால் உங்களிடம் மறைத்து விளையாடுவார்கள். மூன்று விஷயம் சொல்லுங்கள்: சும்மா பொருள் தருகிறவரிடம் எதையும் கொடுக்காதே, படம் கேட்டால் ஃபோனை வைத்துவிட்டு எழுந்து வா, "அம்மாகிட்ட சொல்லாதே" என்று யார் சொன்னாலும் அதை முதலில் அம்மாவிடம்தான் சொல்ல வேண்டும். தொடுதல் பற்றிப் பாடம் எடுக்கும்போதே, தொடாமல் படம் கேட்பதும் அந்தக் கணக்குத்தான் என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

7. ஒரு பிள்ளை வந்து சொன்னால், உங்கள் முகம்தான் முக்கியம்.

அது ஓய்வாக உட்கார்ந்து சொல்லாது. மதியச் சாப்பாடு முடிந்து தட்டு கழுவுமிடத்தில், "டீச்சர், கேம்ல ஒரு அண்ணா போட்டோ கேக்குறாரு" என்று பாதியில் நிறுத்தும். உங்கள் புருவம் ஏறினால் மீதிப் பாதி என்றைக்கும் வராது. "உன்னை யாரு ஃபோனைத் தொடச் சொன்னது?" என்பதுதான் நம் வாயில் முதலில் வரும் வாக்கியம். அதை விழுங்குங்கள். "எங்கிட்ட சொன்னது ரொம்ப நல்லது. உம்மேல தப்பே இல்ல" என்று சொல்லுங்கள். பக்கத்தில் உட்காருங்கள்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். சொல்லித்தான் ஆக வேண்டும். "உனக்கு உதவி பண்றவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்" என்பது உண்மை, அதைச் சொல்லுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். நீங்களாக விடையை எடுத்துக் கொடுக்காதீர்கள். பக்கத்து வகுப்பு டீச்சரைக் கூப்பிட்டு மறுபடி சொல்ல வைக்காதீர்கள். பிள்ளை போனதும் அது சொன்ன சொற்களையே, கொச்சையாக இருந்தாலும் அப்படியே, தேதியும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள்.

8. பிள்ளையின் ஆபாசப் படம் ஏதாவது ஃபோனில் இருந்தால், அதை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

ஆதாரம் என்று நினைத்துத் தலைமையாசிரியருக்கு அனுப்புவீர்கள். அவர் அலுவலகத்துக்கு அனுப்புவார். குழந்தையின் ஆபாசப் படத்தை அனுப்புவதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம். 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொந்தக் கைபேசியில் வைத்திருப்பதும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தில் குற்றமாகலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. படம் வந்த ஃபோனில் அது அழிக்கப்படாமல் இருக்கட்டும். அனுப்பியவனின் ஐடியைத் தாளில் குறித்துக்கொண்டு, ஃபோனைப் பெற்றோர் மூலம் காவல்துறையிடம் சேர்க்கச் செய்யுங்கள்.

போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, குற்றம் நடந்தது தெரிந்தாலோ நடக்கலாம் என்று அஞ்சினாலோ காவல்துறைக்குத் தெரிவிப்பது யாருக்கும் கடமை. தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. பள்ளிப் பெயர் கெட்டுவிடும், பெண் பிள்ளையின் வாழ்க்கை என்னாவது, ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடித்துவிடலாம் என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் மேலதிகாரி சொன்னாலும் உங்கள் கடமை போகாது. அதேபோல, அந்தப் பிள்ளை யார் என்று வெளியே தெரிவிப்பதும் குற்றம். ஓய்வறையில்கூட அதைப் பேசாதீர்கள்.

9. உங்களையும் காத்துக்கொள்ளுங்கள்.

மாதச் சம்பளம் வாங்குபவர் என்பதால் உங்களைத் தேடியும் மோசடிக்காரர்கள் வருவார்கள். வீடியோ அழைப்பில் கைது செய்யும் காவலர் எவரும் இல்லை. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு இரவு கழிக்காதீர்கள். உடனே 1930-ஐ அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கை மாறும் முன் முடக்க வாய்ப்பு அதிகம். வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இன்றே போடுங்கள். முகப்புப் படம் தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியட்டும்.

10. எண்களைச் சுவரில் எழுதுங்கள்.

குழந்தைகள் உதவி எண் 1098. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. இணையக் குற்றத்துக்கு 1930. தலைமையாசிரியர் அறைச் சுவரில் எழுதினால் பிள்ளை பார்க்காது. குடிநீர்த் தொட்டிக்கு மேலே, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண் மட்டத்தில் பெரிதாக எழுதுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும் பெற்றோரிடம் அந்த எண்களைத் தங்கள் ஃபோனில் சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தெரியாதவருக்கு நீங்களே ஃபோனை வாங்கிச் சேமித்துக் கொடுங்கள்.