எண்ணெய் போகும், ஈயம் போகுமா?

அசாம் மாநிலத்தில் டிக்பாய் என்று ஓர் ஊர். அங்கே பூமிக்கு அடியில் கச்சா எண்ணெய் கிடைத்தது. அதைப் பெட்ரோலாக, டீசலாக, மண்ணெண்ணெயாகப் பிரிக்க 1901-ஆம் ஆண்டில் ஓர் ஆலை தொடங்கினார்கள். அந்த ஆலை இன்றும் நடக்கிறது. அசாமில் எண்ணெய்க் கிணறுகளுக்குப் பக்கத்திலேயே நெல் வயலும் தேயிலைத் தோட்டமும் உண்டு.

சில சமயம் எண்ணெய்க் குழாய் உடையும். கழிவுக் குழி நிரம்பி வழியும். எண்ணெய் வயலில் பாயும். மண் கறுத்துவிடும். தண்ணீர் உள்ளே இறங்காது. வேருக்குக் காற்று கிடைக்காது. பயிர் கருகும்.

இது கண்ணுக்குத் தெரியும் கேடு. தெரியாத கேடும் உண்டு. கச்சா எண்ணெயில் நிக்கல், வனேடியம் போன்ற உலோகங்கள் இருக்கும். கிணறு தோண்டும்போது வரும் சேற்றுக் கழிவில் ஈயமும் காட்மியமும் இருக்கலாம். இவற்றைக் கன உலோகங்கள் என்பார்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

எண்ணெயை எப்படி நீக்குவது? எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. டெல்லியில் உள்ள டெரி ஆய்வு நிறுவனம் அவற்றை வளர்த்து, மக்காச்சோளக் கதிர்ச் சக்கைத் தூளில் கலந்து கொடுத்தது. அதன் பெயர் ஆயில்சாப்பர். அதை மண்ணில் தூவி உழ வேண்டும். மண்ணை ஈரமாக வைக்க வேண்டும். மாதங்கள் செல்லச் செல்ல எண்ணெய் குறையும்.

மண்ணின் கறுப்பு போய்விட்டது. உடனே நெல் நடலாமா? கூடாது. நுண்ணுயிர் எண்ணெயைத் தின்றுவிடும். உலோகத்தைத் தின்று அழிக்க முடியாது. ஈயம் ஈயமாகவே மண்ணில் கிடக்கும்.

அதற்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, கடுகு பயிரிடுவது. கடுகுச் செடி உலோகத்தை வேரால் உறிஞ்சும். செடியை வேரோடு பிடுங்கி அகற்ற வேண்டும். பல போகம் இப்படிச் செய்ய வேண்டும். அந்தக் கீரையைச் சமைக்கக் கூடாது. மாட்டுக்குப் போடக் கூடாது. அடுப்பில் எரிக்கக் கூடாது. ஆபத்தான கழிவுகளைச் சேர்க்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

மற்றொன்று, சுண்ணாம்பு இடுவது. அசாம் மண் பெரும்பாலும் புளிப்பு மண். புளிப்பு மண்ணில் உலோகம் எளிதில் கரைந்து பயிருக்குள் ஏறும். சுண்ணாம்பு புளிப்பைக் குறைக்கும். உலோகம் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் மண்ணை விட்டுப் போகாது.

எந்த வழி ஆனாலும், சாப்பிடும் பயிர் வைக்கும் முன் மண்ணைச் சோதிக்க வேண்டும். உரத்துக்காகச் செய்யும் மண் பரிசோதனையில் ஈயம் தெரியாது. "கன உலோகப் பரிசோதனை வேண்டும்" என்று தனியாகக் கேளுங்கள்.

நம் ஊரில் எண்ணெய்க் கிணறு இல்லாமல் இருக்கலாம். டிராக்டரும் பம்புசெட்டும் இருக்கின்றன. அவற்றின் பழைய ஆயிலிலும் தேய்ந்த உலோகம் கலந்திருக்கும். அதை மண்ணில் ஊற்றாதீர்கள்.

பேசிப் பார்ப்போம்:
1. எண்ணெய் போன பிறகும் மண்ணில் தங்குவது எது?
2. மண்ணைச் சுத்தம் செய்த கடுகுச் செடியை ஏன் சாப்பிடக் கூடாது?
3. நம் ஊரில் பழைய ஆயிலை எங்கே ஊற்றுகிறார்கள்?