சாவி நீளம், துண்டம் குறுகல்



உன் ஓபன்விபிஎன் இணைப்பு தொடங்கும்போதெல்லாம் ‘ப்ளோஃபிஷ்’ மறையாக்கம் பாதுகாப்பற்றது என்று லாகில் ஓர் எச்சரிக்கை வருவதாகவும், 128 பிட் சாவியை ஊகித்தறிய எவராலும் இயலாதபோது இந்த அச்சம் எதற்கென்றும் கேட்டிருந்தாய். சாவியைப் பற்றி நீ சொல்வது வாஸ்தவம்தான். ஆபத்து இருப்பது துண்டத்தில்.

1993-இல் புரூஸ் ஷ்னையர் என்னும் அமெரிக்க நிபுணர் வெளியிட்ட ப்ளோஃபிஷ் முறை, செய்தியை 64 பிட், அதாவது எட்டெட்டு பைட் கொண்ட துண்டங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டத்தையும் அதற்கு முன் உருமாறிச் சென்ற துண்டத்தோடு, அதாவது மறைதுண்டத்தோடு, கலந்த பிறகே உருமாற்றுவது உன் இணைப்பில் உள்ள வழக்கம். எட்டு பைட்டுக்குள் அடங்கும் வடிவங்கள் அனந்தம் என்றே தோன்றும். ஆயினும் 23 பேர் கூடிய சபையில் இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக அமையப் பாதிக்கு மேல் சாத்தியம் உண்டு என்னும் கணித விசித்திரம் இங்கும் தன் வேலையைக் காட்டுவதால், ஒரே சாவியின்கீழ் சுமார் 32 ஜிகாபைட் சென்றதும், முன் வந்த மறைதுண்டமே மறுபடியும் தலைகாட்டக்கூடும். அப்படி இரண்டு ஒத்துப்போன க்ஷணத்தில், ஒட்டுக்கேட்பவன் அவற்றுக்கு முந்தைய மறைதுண்டங்களை ஒப்பிட்டு, மூலச் செய்தியின் இரு பகுதிகளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணித்துவிடுகிறான். அவற்றுள் ஒன்று அவன் முன்பே அறிந்ததாயின் மற்றதும் அம்பலம்.

இதை ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணிவிடாதே. பிரான்ஸின் இன்ரியா ஆராய்ச்சி நிலையத்துக் கார்த்திகேயன் பார்கவனும் கயத்தான் லொரானும் 2016-இல் ‘ஸ்வீட்32’ என்ற பெயரில் இதைச் செய்தே காட்டினர்: வஞ்சகப் பக்கம் ஒன்றைத் திறந்த பிரௌசரை, ஒரே குக்கியுடன் கோரிக்கைகளை ஓயாமல் அனுப்பச் செய்து, 700 ஜிகாபைட்டுக்குச் சற்று மேற்பட்ட போக்குவரத்திலிருந்து அக்குக்கியின் இரகசியத்தை ஒரு நாளுக்குள் மீட்டனர். நாட்கணக்கில் அறுபடாமல் நிற்பதே விபிஎன்னின் குணம். அதிலும் முன்பே பகிர்ந்துகொண்ட ஒரே சாவியில் ஓடுகிற அமைப்பாயின், திருடனுக்கு அவகாசம் நாமே தந்ததாகும்.

பி.பி.டி.பி. என்னும் பழைய விபிஎன் முறையின் கதி இன்னும் பரிதாபம். அதன் கடவுச்சொல் பரிசோதனையை உடைப்பது டெஸ் என்னும் பழைய மறையாக்கத்தின் 56 பிட் சாவி ஒன்றைத் தேடும் உழைப்புக்கு மேல் இல்லை என்று 2012-இலேயே நிரூபணமாயிற்று. அதற்குச் சிகிச்சை கிடையாது; கழித்துக்கட்ட வேண்டியதுதான்.

உன் நோய்க்கு மருந்து உண்டு. 2001-இல் அமெரிக்கத் தரமாக ஏற்கப்பட்ட ஏ.இ.எஸ். முறையின் துண்டம் 128 பிட்; ஓபன்விபிஎன் 2.4 பதிப்பு முதல், இருமுனையும் புதியனவாயின், அதையே தாமாகப் பேசி முடிவுசெய்துகொள்ளும். ஒரு முனை பழையதாகவே இருந்தாக வேண்டுமென்றால், 64 மெகாபைட்டுக்கு ஒருமுறை சாவி மாறும்படி வைப்பது தற்காலிகப் பரிகாரம். மாற்றும்போது சர்வரின் அருகிலிருந்தே செய். வெளியூரிலிருந்து அந்த இணைப்பின் வழியாகவே அதன் மறையாக்க முறையை மாற்றப் புகுந்தால், பாதியில் அறுந்து, நீ ஊருக்குத்தான் பஸ் ஏற வேண்டிவரும்.