கணினிப் பாடம்: கடை லேப்டாப்பை நாமே திறந்து பாகம் மாற்றுவது



பேரேடும் சிட்டையும் இருந்த இடத்தில் இப்போது லேப்டாப் உட்கார்ந்திருக்கிறது. பில் போடுவது, சரக்கு இருப்புப் பார்ப்பது, ஜி.எஸ்.டி. கணக்கு, இ-வே பில் எல்லாம் அதில்தான் நடக்கிறது. பேரேடு கிழிந்தால் பசை தடவி நாமே ஒட்டிக்கொண்டோம். இந்தப் பெட்டி மெதுவாகிவிட்டால் மட்டும், பழுது பார்ப்பவரிடம் அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டு நான்கு நாள் காத்திருக்கிறோம். அல்லது புதிதாக ஒன்று வாங்கிவிடுகிறோம். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப்போகிறோம்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஆசையால் அல்ல, பட்ட அடியால். சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளி வியாபாரத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என் கடை லேப்டாப் இழுத்துக்கொண்டு நின்றது. ஒருவரிடம் கொடுத்தேன். ஹார்டு டிஸ்க்கை மாற்றி, புது மெருகோடு திருப்பித் தந்தார். "பழைய டிஸ்க்கில் இருந்த கணக்கு எங்கே?" என்றேன். "அது போய்விட்டது சார், டிஸ்க்கையும் குப்பையில் போட்டுவிட்டேன்" என்றார். கடனுக்குச் சரக்கு எடுத்தவர்கள் கணக்கு அதில்தான் இருந்தது. பாதிப் பேர் தாமாகவே வந்து சொல்லிக் கொடுத்தார்கள். மீதிப் பாதி என்னோடு போயிற்று.

பணம் மட்டும் அல்ல. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குப் புத்தகங்களையும் ஆவணங்களையும் அந்த ஆண்டுக்குரிய ஆண்டு அறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அதாவது 6 ஆண்டு. அதிகாரி கேட்கும்போது "டிஸ்க் போய்விட்டது" என்பது பதில் ஆகாது.

எல்லா லேப்டாப்பையும் ஒரே பாடத்தில் சொல்ல முடியாது. ஆகவே ஒன்றை எடுத்துக்கொள்வோம்: லெனோவோ திங்க்பேட் டி480. 2018-இல் வெளிவந்த மாதிரி. பெரிய கம்பெனிகள் பயன்படுத்திக் கழித்தவை புதுப்பிக்கப்பட்டு நம் ஊர்க் கடைகளிலும் சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்கின்றன. கையால் கழற்றிப் பூட்ட வசதியான அமைப்பு. இதற்கான பராமரிப்புக் கையேட்டைக் கம்பெனியே இலவசமாக வெளியிட்டிருக்கிறது. எந்தத் திருகாணி எங்கே என்று படத்தோடு இருக்கும். அதை இறக்கி அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. டி470 என்ற முந்தைய மாதிரி வெளிப்பார்வைக்கு ஏறக்குறைய இதேபோல் இருக்கும். பிராசசர் பெயரைப் பாருங்கள். ஐ5 என்பதற்குப் பின் வரும் எண் 8250 அல்லது 8350 என்று 8-இல் தொடங்கினால் எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 11 முறையாக ஏறும். 7-இல் தொடங்கினால் ஏறாது என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆதலால் ஏழாம் தலைமுறைப் பெட்டிக்குப் புது டிஸ்க், புது ராம் என்று செலவு செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. மெல்லிய புது மாதிரிகள் சிலவற்றில் ராம் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்து வருகிறது. அவற்றைத் திறந்தாலும் மாற்ற ஒன்றும் இருக்காது. டி480-இலும் பிராசசரை மாற்ற முடியாது. ராம், டிஸ்க், பேட்டரி, விசிறி, கடிகார பேட்டரி இவ்வளவையும் மாற்றலாம்.

திறப்பதற்கு முன் செய்ய வேண்டியதுதான் பாதி வேலை. கணக்குக் கோப்புகள் முழுவதையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுங்கள். நகல் எடுத்தால் போதாது. வேறொரு கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, நேற்றைய கடைசி பில் தெரிகிறதா என்று பாருங்கள். திறக்காத நகலும் இல்லாத நகலும் ஒன்றுதான். விண்டோஸ் 11 உள்ள பெட்டி என்றால் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கக்கூடும். உள்பாகம் மாறினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அதை முன்கூட்டியே தேடி எடுத்துத் தாளில் எழுதிக் கல்லாவுக்குள் வையுங்கள். இதைச் செய்யாமல் திறந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை இரவு போன் செய்து அழுததை நான் கேட்டிருக்கிறேன்.

தேவையான சாமான் அதிகம் இல்லை. சிறிய ஸ்டார் திருப்புளி ஒன்று, காலாவதியான ஏ.டி.எம். அட்டை ஒன்று, மெல்லிய பெயின்ட் பிரஷ் ஒன்று. திருகாணி வைக்க நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியைவிடச் சிறந்த பாத்திரம் இல்லை. கடுகு இருந்த குழியில் டிஸ்க்கின் திருகாணி, சீரகம் இருந்த குழியில் விசிறியின் திருகாணி என்று பிரித்து வைக்கலாம். நீளத் திருகாணியைக் குட்டைத் திருகாணி இடத்தில் முறுக்கினால் பலகையையே துளைத்துவிடும். கழுவித் துடைத்த பெட்டியாக இருக்கட்டும். மிளகாய்த் தூளோடு வேண்டாம்.

கடை மூடிய பிறகு, வெளிச்சம் உள்ள மேசையில் உட்காருங்கள். கல்லா மேசை வேண்டாம். ஃபேன் காற்று திருகாணியை உருட்டிவிடும்.

டி480-க்கு இரண்டு பேட்டரிகள். ஒன்று பின்புறம் வெளியே தெரிவது, கழற்றக்கூடியது. இன்னொன்று உள்ளே இருக்கிறது. வெளியே இருப்பதை எடுத்துவிட்டால் மின்சாரம் நின்றுவிட்டது என்று நினைத்துத் திருப்புளியை உள்ளே விடுவதுதான் பலர் செய்யும் தவறு. முதலில் அடாப்டரை எடுத்துவிட்டு, பெட்டியை மறுபடி இயக்கி, லெனோவோ என்ற எழுத்து தெரியும்போது எஃப்1 விசையை அழுத்துங்கள். வரும் பக்கத்தில் கான்ஃபிக், அதற்குள் பவர், அதற்குள் உள் பேட்டரியை முடக்கும் வரி இருக்கும். அதைத் தேர்ந்து ஆம் என்றால் பெட்டி தானே அணைந்துவிடும். மூன்று நான்கு நிமிடம் ஆறவிட்டு, வெளி பேட்டரியை எடுங்கள். சிம் தட்டு, மெமரி கார்டு இருந்தால் அவற்றையும் எடுத்துவிடுங்கள்.

அடிப்புறத்தில் ஆறு திருகாணிகள். இவை மூடியிலேயே மாட்டிக்கொண்டிருக்கும், வெளியே விழாது. தளர்த்தினால் போதும், இழுத்துப் பிடுங்க முயல வேண்டாம். பிறகு ஏ.டி.எம். அட்டையின் ஓரத்தை இடுக்கில் செருகிச் சுற்றிலும் மெதுவாக நகர்த்துங்கள். டக் டக் என்று கொக்கிகள் விடும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். ஒரு மூலை வரவில்லை என்றால் பலம் காட்டாமல் திருகாணி முழுதும் தளர்ந்ததா என்று பாருங்கள்.

உள்ளே கை வைப்பதற்கு முன் ஏதாவது பெரிய உலோகத்தைத் தொடுங்கள். இரும்பு பீரோ நல்லது. உடம்பில் உள்ள மின்னேற்றம் அதில் இறங்கிவிடும்.

மளிகைக் கடை லேப்டாப்பைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது தூசு. மாவு, மிளகாய்ப் பொடி, சாக்குப் பஞ்சு எல்லாம் சேர்ந்து விசிறியின் வாய்க்கு முன் மெத்தைபோல் படிந்திருக்கும். காற்று போகாமல் பிராசசர் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "வைரஸ் வந்துவிட்டது" என்று நாம் சொல்லும் பாதி நோய் இதுதான். விசிறியின் இறகை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு பிரஷால் துடைத்தெடுங்கள். காற்று ஊதினால் இறகு வேகமாகச் சுழன்று கெடும். டூவீலர் பட்டறைக் கம்ப்ரஸரைக் கொண்டு ஊதவே கூடாது. அழுத்தம் அதிகம், தண்ணீர்த் துளியும் சேர்ந்து வரும். பிராசசர் மேல் உள்ள செம்புப் பட்டையைக் கழற்றினால் பழைய பசையைத் துடைத்துவிட்டுப் புது வெப்பப் பசை ஓர் அரிசி அளவு வைக்க வேண்டும். பசை கையில் இல்லாவிட்டால் அதைத் தொடாதீர்கள்.

அடுத்தது ராம். டி480-இல் இரண்டு இடம் உண்டு. டிடிஆர் 4 வகை மட்டும் பொருந்தும். டிடிஆர் 3-இன் வெட்டு வேறிடத்தில் இருப்பதால் உட்காராது, அமுக்கிப் பார்க்காதீர்கள். இருபுறக் கொக்கிகளை விரலால் விலக்கினால் பலகை சாய்ந்து எழும்பும். புதியதை அதே சாய்வில் தங்கக் கோடுகள் மறையும்வரை செருகி, கீழே அழுத்தினால் கொக்கி பிடித்துக்கொள்ளும். 8 ஜிபி ஒன்று இருக்கிறது என்றால் இன்னொரு 8 ஜிபி சேர்ப்பது நல்ல கணக்கு. இரண்டும் சேர்ந்து வேலை செய்வதில் வேகமும் சற்றுக் கூடும்.

ஆனால் பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் உள்ள பெட்டிக்கு, ராமைவிட எஸ்.எஸ்.டி. மாற்றுவதில்தான் கண்ணுக்குத் தெரியும் பலன். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் இதற்கே போடுங்கள். இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி., 7 மில்லிமீட்டர் பருமன், பழையதன் கொள்ளளவுக்குக் குறையாதது வேண்டும். திறப்பதற்கு முந்தின நாளே, சாட்டா-யு.எஸ்.பி. கேபிள் ஒன்றின் வழியாகப் புது டிஸ்க்கை இணைத்து, பழையதை அப்படியே படியெடுத்துக்கொள்ளலாம். குளோன்சில்லா என்ற இலவச மென்பொருள் இதற்கு உண்டு. எதிலிருந்து எதற்கு என்பதை இரண்டு முறை படித்துவிட்டு அழுத்துங்கள். தலைகீழாகச் செய்தால் வெற்று டிஸ்க்கை எடுத்துக் கணக்கின் மேல் எழுதிவிடும். பிறகு பெட்டியைத் திறந்து, பழைய டிஸ்க்கை அதன் சட்டத்தோடு வெளியே எடுத்து, சட்டத்தையும் கேபிளையும் புதியதுக்கு மாற்றி, அதே இடத்தில் வையுங்கள்.

விலை மாறிக்கொண்டே இருப்பதால் இங்கே எழுதவில்லை. மூன்று கடையில் கேளுங்கள். சீரியல் எண் போட்ட ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள். கடை உபயோகத்துக்கு வாங்கியது என்பதால் அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

பேட்டரி பற்றி. லேப்டாப் மேசையில் சமமாக உட்காராமல் ஆடினாலோ, விரல் வைக்கும் பட்டை மேலே எழும்பி நின்றாலோ, உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். அன்றே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். எண்ணெய் டின்னும் சாக்கும் அடுக்கிய கடையில் அது தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. உப்பிய பேட்டரியைத் திருப்புளியால் நெம்பாதீர்கள். அதை மட்டும் பழகியவரிடம் கொடுத்து, பக்கத்தில் நின்று எடுக்கச் சொல்லுங்கள். எடுத்ததைப் பழைய இரும்புக் கடைக்குப் போடக் கூடாது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அது முறையான மறுசுழற்சிக்குப் போக வேண்டும். நாள் முழுதும் பிளக்கிலேயே கிடக்கும் கடை லேப்டாப்புக்கு, 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்குமாறு லெனோவோ வான்டேஜ் மென்பொருளில் வரம்பு வைத்துவிட்டால் புதிய பேட்டரி அதிக நாள் உழைக்கும்.

கடிகார பேட்டரி சிறியதுதான், ஆனால் வியாபாரிக்கு அது முக்கியம். காசு வடிவில் வயரோடு இருக்கும். வாங்கும்போதும் வயரோடு கேளுங்கள். அது தீர்ந்தால் தேதி பின்னுக்குப் போகும். பில்லில் பழைய தேதி விழும். இ-வே பில் தளம் பாதுகாப்பில்லை என்று சொல்லித் திறக்க மறுக்கும். இணையக்காரரைத் திட்டுவதற்கு முன் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள்.

எல்லாம் மாட்டியாயிற்று. அஞ்சறைப் பெட்டியில் திருகாணி மீதம் இருந்தால் மூடாதீர்கள். மூடியை அழுத்தி, ஆறு திருகாணிகளையும் சிறிது சிறிதாக முறுக்கி, வெளி பேட்டரியை மாட்டுங்கள். உள் பேட்டரியை நாம் முடக்கியிருந்தோம் அல்லவா, அடாப்டரை இணைத்தால்தான் அது மீண்டும் விழிக்கும். அடாப்டர் போடாமல் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்து "செத்துவிட்டது" என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. புது ராம் போட்ட முதல் முறை திரை சிறிது நேரம் கறுப்பாகவே இருக்கலாம். ஒரு நிமிடம் பொறுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் ராமை எடுத்து மறுபடி செருகுங்கள், பெரும்பாலும் அது சரியாக உட்காராததுதான்.

வந்ததும் தேதியைச் சரிபார்த்து, கணக்கைத் திறந்து, கடைசி பில் எண்ணை உங்கள் குறிப்போடு ஒப்பிடுங்கள். பழைய டிஸ்க்கை ஒரு மாதம் தொடாமல் பீரோவில் வையுங்கள். மாத முடிவுக் கணக்கு சரியாக வந்த பிறகு வேண்டுமானால் கழிக்கலாம். அப்போதும் வெறும் ஃபார்மேட் செய்து கொடுத்தால், உங்கள் வாடிக்கையாளர் பெயரும் போன் எண்ணும் கடன் பாக்கியும் வாங்கியவர் கைக்குப் போய்விடும். டிஸ்க் முழுவதும் மேலெழுதி அழிக்கும் மென்பொருளை ஓட்டிவிட்டுக் கொடுங்கள். அல்லது உறையைத் திறந்து உள்ளே உள்ள வட்டைச் சுத்தியலால் அடித்து நொறுக்கிவிட்டு, மின்கழிவில் போடுங்கள்.